உட்கார வைத்தல்: ஆட்டக்காரர் மீதான தண்டனை பற்றிச் சில குறிப்புகள்

1

‘சஸ்பென்ஷன்’ என்கிற சொல் தொழிற்சாலையிலும் புழங்குகிறது, மைதானத்திலும் புழங்குகிறது. இரண்டு இடங்களிலும் அதன் பொருள் ஒன்றல்ல. தொழிற்சாலையில் அது பெரும்பாலும் விசாரணைக்கு முந்தைய ஒரு நிலை. உன்மேல் புகார் வந்திருக்கிறது, விசாரிக்கப் போகிறோம், அதுவரை உள்ளே வர வேண்டாம் என்பதாக அந்த ஆணை பேசுகிறது. குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை என்கிற ஒப்புதல் அதற்குள்ளேயே பொதிந்திருக்கிறது. மைதானத்திலோ சஸ்பென்ஷன்தான் தண்டனை. மூன்று ஆட்டம், ஒரு வருடம், ஆயுள் என்று அது வந்து விழும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் சானடோரியம் வட்டாரத்தில் உள்விசாரணை நடக்கும்போது தொழிலாளிக்குத் துணையாகப் பக்கத்தில் உட்காருகிற வேலையைச் சங்கத்தின் சார்பில் இருபது வருடங்களுக்கும் மேலாகச் செய்துவருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் பக்கம் பையன்கள் ஆடுகிற கிரிக்கெட்டுக்கு அம்பயராக நிற்பதும் உண்டு. இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. ஆட்டக்காரர் ஒரு தொழிலாளி என்றால், அவரைத் தண்டிக்கும் முறையில் தொழிலாளர் சட்டத்தின் காற்று ஏன் படவேயில்லை?

இதைப் பேசினால் தோழர்கள் சிலர் உடனே சிரிக்கிறார்கள். “கோடி கோடியா சம்பாதிக்கிறவனுக்கு என்னப்பா தொழிலாளர் உரிமை?” என்கிறார்கள். கோடி சம்பாதிக்கிற ஆட்டக்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்; அவர்களுக்குப் பின்னால் பேட்டாவுக்கு ஆடுகிற ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். அதைவிட முக்கியமானது, தண்டிக்கும் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பது மேலே இருப்பவனின் வழக்கில்தான் வெளியே தெரிகிறது. கீழே இருப்பவனின் வழக்கு ஏட்டில் ஏறுவதேயில்லை.

2

தொழிலாளர் சட்டம் இந்த விஷயத்தில் என்ன சொல்லிவந்திருக்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தில் 1982இல் 10-ஏ என்கிற பிரிவைச் சேர்த்தார்கள். விசாரணைக்காகத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் 50 சதவீதமும், தாமதம் அவரால் ஏற்படாதபட்சத்தில் அதற்குப் பிறகு 75 சதவீதமும் பிழைப்பூதியம் தரவேண்டும் என்றது அது. தமிழ்நாடு அதற்கு ஒரு வருடம் முன்பே, 1981இல், தனிச் சட்டம் இயற்றியிருந்தது. 180 நாட்களைத் தாண்டினால் முழுச் சம்பளம் என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் 50, 75 என்கிற கணக்கை வைத்திருக்கிறது. கூடவே, நிலையாணைகளை 300 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. அதன் அரசியல் தனியே எழுத வேண்டியது.

தண்டனையாகவே தருகிற சஸ்பென்ஷனுக்கும் ஒரு வரம்பு இருந்தது. மத்திய அரசின் பழைய மாதிரி நிலையாணைகளில் அது ஒரு தடவைக்கு நான்கு நாள். அதற்கு மேல் போனால் ஒருவனின் அடுப்பில் கை வைக்கிறோம் என்கிற உணர்வு சட்டம் எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது.

பிழைப்பூதியம் ஏன்? கோலார் தங்கவயலில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பால் ஆண்டனியின் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. சஸ்பென்ஷனில் இருந்த காலத்தில் அவருக்குப் பிழைப்பூதியம் தரவில்லை. கேரளத்தில் வீட்டில் இருந்தவருக்கு விசாரணை நடந்த இடத்துக்கு வர வண்டிச்செலவுக்குப் பணமில்லை. அவர் வராமலேயே விசாரணை முடிந்து, வேலையும் போனது. அந்த விசாரணை செல்லாது என்றது நீதிமன்றம். சாப்பாடு இல்லாதவன் தன் தரப்பைச் சொல்ல முடியாது என்கிற எளிய உண்மை இதன் மூலம் சட்டமாகிறது. பிழைப்பூதியம் என்பது கருணையல்ல. விசாரணை விசாரணையாக இருப்பதற்கான நிபந்தனை.

இந்தச் சட்டகத்தை நான் புனிதப்படுத்தவில்லை. உள்விசாரணை பல நேரங்களில் நாடகம்தான். விசாரணை அதிகாரியை நிர்வாகமே நியமிக்கிறது, முடிவு முன்பே தெரிந்திருக்கிறது. ஆனாலும் நாடகத்துக்கு ஒரு பிரதி இருக்கிறது. சார்ஜ் மெமோ, பதில், சாட்சி, குறுக்கு விசாரணை, கண்டறிதல் அறிக்கை, இரண்டாவது நோட்டீஸ். அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதிகாரம் எழுத வேண்டியிருக்கிறது என்பதே அதற்கு ஒரு கட்டுப்பாடு.

3

இப்போது கிரிக்கெட்டின் அடித்தட்டுக்கு வருவோம். சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் ஆடுகிற பையன்கள் தென்புறநகரங்களில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். கிட் பையை மடியில் வைத்துக்கொண்டு காலை ஐந்தரை மணி மின்சார ரயிலில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். முடிச்சூர்ப் பக்கம் ஒரு வேகப்பந்து வீச்சாளன், தறி ஓட்டிக் குடும்பம் வளர்த்தவரின் மகன், பேட்டா பாக்கியைக் கேட்டான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதன் பிறகு அவனை ஆட விடவில்லை. “டீம் லிஸ்ட்ல எம் பேரு இருக்கு சார். மேட்ச்லதான் நான் இல்ல” என்றான். வேறு கிளப்புக்குப் போகலாம் என்றால் பழைய கிளப்பின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் கேட்டால், “பாக்கலாம், சீசன் முடியட்டும்.”

இதற்குச் சஸ்பென்ஷன் என்று பெயரில்லை. புகார் இல்லை, காலவரம்பு இல்லை, கையெழுத்து இல்லை. நம் வழக்கில் இதற்கு உள்ள சொல் ‘உட்கார வைப்பது’. “அவன உக்கார வெச்சுட்டாங்க” என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. செயப்படுபொருள் அவன், எழுவாய் யாரென்று சொல்லாமலேயே வாக்கியம் முடிகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளியிடம் “நாளைலேந்து வேணாம், போன் பண்றோம்” என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லாத ஒழுங்கு நடவடிக்கையை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது?

இதே நகரத்தில் இன்னொரு வகை ஆட்டக்காரரும் இருக்கிறார். கெம்பிளாஸ்டின் ஜாலி ரோவர்ஸ், ஸ்டேட் வங்கி என்று நிறுவனங்கள் அணி நடத்திய மரபு சென்னைக்கு உண்டு. வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து அணிக்காக ஆடியவரை வங்கி தண்டிக்க வேண்டுமானால் சார்ஜ் மெமோ கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பு கிளார்க்குக்குத்தான். மைதானத்தில் அவர் உட்கார வைக்கப்பட்டால் அங்கே நிலையாணை எதுவும் கிடையாது. ஒரே உடல் இரண்டு சட்டங்களின் கீழ் வாழ்கிறது. மேசைக்கு முன்னால் இருக்கும்போது உரிமையுள்ளது, பந்தைக் கையில் எடுத்ததும் உரிமையற்றது.

4

ரக்பி லீக் என்கிற ஆட்டம் நம் ஊரில் பழக்கமில்லை. கபடி பார்த்தவர்களுக்கு அதன் மோதல் அந்நியமாக இருக்காது: பந்தோடு ஓடி வருபவனை மூன்று நான்கு பேர் சேர்ந்து பிடித்துச் சாய்க்க வேண்டும். அந்த ஆட்டம் பிறந்ததே ஒரு கூலிப் பிரச்சினையில். வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் கூலி போனது. அந்த இழப்பை ஈடுகட்டலாமா என்று கேட்டபோது, லண்டனின் கனவான்கள் நடத்திய ரக்பி யூனியன் கூடாது என்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடபகுதிக் கிளப்புகள் பிரிந்து தனிச் சங்கம் அமைத்தன. யூனியன் அதற்குத் தந்த பதில் தடை. காசு வாங்கி லீக் ஆடியவன் திரும்பி வந்து யூனியன் ஆட முடியாது. 1995இல் யூனியனே காசு தரத் தொடங்கும்வரை, நூறு வருடம் அந்தத் தீட்டு நீடித்தது.

நம் 1895 என்பது 2007. ஜீ குழுமம் இந்தியன் கிரிக்கெட் லீக்கைத் தொடங்கியது. ஹேமங் பதானி, திரு குமரன் போன்று இந்தியாவுக்காக ஆடியவர்களும், ரஞ்சிக் கோப்பையோடு நின்றுபோன தமிழ்நாட்டுப் பையன்களும் ‘சென்னை சூப்பர்ஸ்டார்ஸ்’ அணியில் சேர்ந்தார்கள். 2007 டிசம்பரில் முதல் கோப்பையை அந்த அணிதான் வென்றது. அதில் சேர்ந்த எல்லோருக்கும் வாரியத்தின் எல்லாப் போட்டிகளிலும் கதவை மூடிவிட்டது இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம். அவர்கள் சூதாடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, ஊக்கமருந்து எடுக்கவில்லை. வேறொரு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1977இலேயே லண்டன் உயர் நீதிமன்றம், கெர்ரி பேக்கரின் போட்டியில் சேர்ந்தவர்கள்மீதான தடை தொழில் செய்யும் உரிமைக்கு இடையூறு என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. முப்பது வருடம் கழித்து இங்கே தனித்தனியாகக் குற்றச்சாட்டு எழுத வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

2008 ஏப்ரலில் வாரியம் தன்னுடைய ஐ.பி.எல்.லைத் தொடங்கியது. 2009இல், மே 31க்குள் அந்த லீக்கை விட்டு வெளியே வருபவர்களுக்குப் ‘பொதுமன்னிப்பு’ என்றது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அம்பட்டி ராயுடு அப்படித் திரும்பியவர்தான். பின்னாளில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடினார். இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். மன்னிப்பு தரப்படுகிறது என்றால் குற்றம் நடந்தது என்று ஆகிறது. எந்த விசாரணையும் நிறுவாத குற்றத்தை மன்னிப்பு நிறுவிவிடுகிறது. கதவடைப்புக்குப் பிறகு ‘நன்னடத்தைப் பத்திரம்’ எழுதிக் கொடுத்து உள்ளே போன தொழிலாளிகளுக்கு இது புதிதல்ல.

5

அதே வாரியத்தின் இன்னொரு முகம் 2008 ஜனவரியில் சிட்னியில் தெரிந்தது. ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ சைமண்ட்ஸை ஹர்பஜன் சிங் ‘குரங்கு’ என்று நிறவெறியோடு திட்டியதாகப் புகார். நடுவர் மைக் புரோக்டர் மூன்று டெஸ்ட் தடை விதித்தார். மேல்முறையீட்டை நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன் கேட்டார். வாரியம் வழக்கறிஞரை வைத்து வாதாடியது. சொன்னது ஒரு ஹிந்தி வசவு, காதில் வேறு மாதிரி விழுந்திருக்கலாம் என்பது எதிர்வாதம். நிறவெறிக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. வசைமொழிக் குற்றத்துக்காக ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம். ஹர்பஜனின் முந்தைய தண்டனைகளின் முழுப் பட்டியலும் நீதிபதி முன் வைக்கப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது.

இந்த வழக்கில் யார் பக்கம் நிற்பது என்பது நமக்குச் சுலபமல்ல. நிறத்தின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டதாகச் சொன்னவர் கரீபிய வம்சாவளியைச் சேர்ந்தவர். சில மாதங்களுக்கு முன் வதோதராவிலும் மும்பையிலும் கூட்டம் அவரைப் பார்த்துக் குரங்குச் சேஷ்டை செய்திருந்தது. தன் கிரிக்கெட் நிர்வாகமே தன்னைக் கைவிட்டதாக அவர் கருதினார். புகார் கொடுத்தவருக்கு ஒரு நல்ல விசாரணை எவ்வளவு தேவையோ, அதே அளவு குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தேவை என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. பட்டியல் விடுபட்டதில் ஏமாந்தவர் சைமண்ட்ஸ்.

ஆனால் பாருங்கள்: ஒரு நட்சத்திரத்துக்கு மேல்முறையீடு, வழக்கறிஞர், மொழிபெயர்ப்பு, நிரூபணத்தின் அளவுகோல் எல்லாம் வேண்டும் என்று வாதாடிய அதே மாதத்தில், அதே வாரியம் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் பையன்களுக்கு ஒரு விசாரணைகூட இல்லாமல் கதவை மூடி வைத்திருந்தது. இயற்கை நீதி என்பது வாரியத்துக்குத் தெரியாத தத்துவம் அல்ல. யாருக்குத் தருவது என்பதுதான் அதன் கேள்வி.

2013ஆம் ஆண்டின் ஐ.பி.எல். சூதாட்ட விவகாரம் இதை இன்னும் தெளிவாக்கியது. ஸ்ரீசாந்துக்கு 2013 செப்டம்பரில் ஆயுள் தடை. 2015 ஜூலையில் டில்லி நீதிமன்றம் குற்றவியல் வழக்கிலிருந்து அவரை விடுவித்த பிறகும் தடை நீடித்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்றத்தைக் குறித்த முடிவில் தலையிடவில்லை. தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது அதைக் கூட்டவும் குறைக்கவும் உரிய காரணங்களைப் பரிசீலிக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. வாரியத்தின் குறைதீர்ப்பாளர் டி.கே. ஜெயின் தடையை ஏழு வருடமாகக் குறைத்தார். 2020இல் அது முடிந்தபோது ஸ்ரீசாந்துக்கு வயது 37. ஒரு நீதிபதியின் ஏழு வருடமும் வேகப்பந்து வீச்சாளனின் ஏழு வருடமும் ஒன்றல்ல.

அணி நிறுவனங்களுக்கு என்ன ஆயிற்று? வாரியத்தின் தலைவரே சென்னை அணியின் உரிமை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். வாரியம் முதலில் அமைத்த இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளின் குழு, அமைக்கப்பட்ட விதமே சட்டவிரோதம் என்று 2013 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2015 ஜனவரியில், நிர்வாகிகள் அணிகளில் வணிக நலன் வைத்திருக்க வழிவிட்ட விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருடம் ஜூலை 14 அன்று லோதா கமிட்டி குருநாத் மெய்யப்பனுக்கும் ராஜ் குந்த்ராவுக்கும் ஆயுள் தடையும், சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டு வருட இடைநீக்கமும் விதித்தது. ஆட்டக்காரனுக்கு முதலில் ஆயுள், நிறுவனத்துக்கு இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தையும் யார் அனுபவித்தார்கள்? குற்றத்தில் சம்பந்தமில்லாத ஆட்டக்காரர்கள் புனேவுக்கும் குஜராத்துக்கும் பிரிந்து போனார்கள். சேப்பாக்கம் வாசலில் மஞ்சள் பனியனும் ஊதலும் விற்றவர்களுக்கு 2016, 2017 சீசன்கள் இல்லை. அவர்களுக்கு யார் பிழைப்பூதியம் கொடுத்தது? 2018இல் அணி பழைய பெயரோடு திரும்பியது, அதே வருடம் கோப்பையையும் வென்றது.

6

சீர்திருத்தம் என்றதும் நிர்வாகங்கள் அட்டவணை போடுகின்றன. சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் குற்றங்களை நான்கு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2016 செப்டம்பரில் புள்ளி முறையையும் கொண்டுவந்தது. 24 மாதத்துக்குள் நான்கு தகுதியிழப்புப் புள்ளி சேர்ந்தால் ஆட்டத்தடை. ஆஸ்திரேலியாவின் நேஷனல் ரக்பி லீக் இதைவிட விரிவாகச் செய்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு மறுபார்வைக் குழு காணொளியைப் பார்த்துக் குற்றத்தையும் அதன் தரத்தையும் எழுதி வெளியிடுகிறது. ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும். மறுத்தால் முன்னாள் ஆட்டக்காரர்கள் இடம்பெறும் தீர்ப்பு மன்றத்துக்குப் போகலாம்; தோற்றால் தண்டனை கூடும். 2022 முதல் சிறிய குற்றங்களுக்கு ஆட்டத்தடைக்குப் பதிலாக அபராதம்.

இதில் நல்லது இருக்கிறது. குற்றச்சாட்டு எழுத்தில் இருக்கிறது, தரம் இருக்கிறது, சில நாட்களில் முடிவு தெரிகிறது, தீர்ப்பவர்கள் அந்த மோதலை உடம்பால் அறிந்தவர்கள். ஆனால் ‘ஒத்துக்கொண்டால் குறையும்’ என்கிற ஏற்பாட்டை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். என்கொயரி நாளன்று காலையில் டீக்கடையில் தொழிலாளி கேட்பது இதுதான்: “ஒத்துக்கினா ஒரு இன்கிரிமென்ட்டோட போயிடுமாம்ணா. சண்ட போட்டா வேலையே போயிடும்ன்றாங்க. என்ன பண்ணட்டும்?” செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்வது பல நேரங்களில் புத்திசாலித்தனமாகிவிடுகிறது. அதோடு அது பதிவேட்டில் ஏறி, அடுத்த முறை ‘முன்பே தண்டிக்கப்பட்டவர்’ என்று திரும்பி வருகிறது. அட்டவணை எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கேள்வி கேட்பது செலவாகிறது. பூக்கோ பேசிய ஒழுங்குமுறை அதிகாரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். அபராதமும் அப்படித்தான். ஒரே தொகை இரண்டு பேருடைய பையிலிருந்தும் போகிறது. ஒருவருடைய வீட்டில்தான் அந்த மாதம் அரிசி குறைகிறது.

7

அப்படியானால் என்ன கேட்பது? தண்டனை கூடாது என்பதல்ல என் வாதம். தலையில் குறிவைத்துத் தாக்குகிறவனையும் சாதியைச் சொல்லித் திட்டுகிறவனையும் வெளியே அனுப்பத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அடிபட்டவனுக்கு மைதானத்தில் இடமில்லாமல் போகும். கேட்க வேண்டியவை இவை.

ஒன்று, எழுத்தில் இல்லாத எந்தத் தடையும் தடையல்ல. குற்றம், விதி, காலம் மூன்றும் ஆட்டக்காரருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். இரண்டு, புகார் கொடுப்பவர், விசாரிப்பவர், தீர்ப்பவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். அணியில் காசு போட்டவருக்கு மூன்றிலும் இடமில்லை. மூன்று, உள்விசாரணையில் இருப்பதுபோலத் துணைக்கு ஒருவரைக் கூட்டிவர உரிமை. நான்கு, விசாரணை முடியும்வரை பிழைப்பூதியம். ஐந்து, நிறுவனம் செய்த தவறுக்குத் தண்டனை தருவதானால், அந்த அணியின் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் அந்தக் காலத்துக்கான சம்பளத்தை அந்த நிறுவனமே தர வேண்டும். ஆறு, வேறு இடத்தில் வேலை செய்தது ஒழுங்கீனம் ஆகாது.

இவற்றை யார் வாங்கித் தருவது? வாரியம் ‘அரசு’ அல்ல என்று 2005இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் சொன்னது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும் வழி மட்டும் திறந்திருக்கிறது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் ஒரு தீர்ப்பாயத்துக்கு இடம் வைத்திருக்கிறது. முடிச்சூர்ப் பையன் அதன் படியேறுவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. லோதா கமிட்டியின் பரிந்துரையால் 2019இல் இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் சங்கம் ஒன்று வந்தது. அது ஓய்வுபெற்றவர்களுக்கானது, இன்று ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. வேலையை விட்ட பிறகுதான் சங்கத்தில் சேரலாம் என்று எந்த ஆலையிலாவது சொன்னால் நாம் என்ன செய்வோம்?

ஆகவே தொடங்க வேண்டிய இடம் கீழே இருக்கிறது. நம் பகுதியில் வருடம் முழுக்க டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கிறது. நடத்துகிற மன்றங்களில் நம் தோழர்கள் இருக்கிறார்கள். ஒரு டீமை ‘பேன்’ பண்ணுகிறோம் என்று மைக்கில் அறிவிப்பதற்கு முன், புகாரை ஒரு நோட்டில் எழுதி, நகலைக் கையில் கொடுத்து, மறுநாள் அவர்கள் சொல்வதைக் கேட்டு, அந்த ஆட்டத்தில் சம்பந்தமில்லாத மூன்று பேர் முடிவு சொல்லி, அதில் கையெழுத்துப் போடுவது நம்மால் முடியும். போன பொங்கலுக்கு மாடம்பாக்கத்தில் அப்படிச் செய்து பார்த்தோம். இரண்டு புகார் வந்தது. ஒன்றில் ஒரு ஆட்டம் தடை. இன்னொன்றில் புகார் நிரூபணமாகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். தடை வாங்கிய பையன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.